வெள்ளைக் கோடு, சிவப்புக் கோடு

ஒன்பது நாளாக நானும் என் தங்கை புருஷனும் பேசிக்கொள்ளவில்லை. ஒரே ஒர்க்‌ஷாப், ஒரே வண்டி, ஒரே இஞ்சின். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன். குனிந்தால் தலை முட்டும். அப்படியும் பேசவில்லை. என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் காற்றடிக்கும் மெஷினைப் பார்த்துச் சொல்வான். நான் சுவரைப் பார்த்துப் பதில் சொல்வேன். ரொம்ப அவசரமென்றால் தங்கையைக் கூப்பிட்டு, "உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு" என்பேன். அந்த வீட்டுக்காரர் மூன்றடி தூரத்தில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்.

சண்டை ஒரு டர்போவால் வந்தது. இஞ்சின் துப்புகிற புகையின் வேகத்திலேயே சுழன்று, அந்த இஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கிற விசிறிதான் டர்போ. எங்கள் வண்டிக்கு இருபத்தெட்டு வயது. அந்தக் காலத்தில் அதற்குச் சின்னதாக இரண்டு டர்போ வைத்துக் கட்டியிருந்தார்கள். மெதுவாகப் போகும்போது ஒன்று மட்டும் வேலை செய்யும். வேகம் பிடித்ததும் இரண்டாவது விழித்துக்கொள்ளும். அது விழித்துக்கொள்கிற விதம்தான் வம்பு. சொல்லாமல் கொள்ளாமல் முதுகில் ஒரு உதை விடும்.

போன வருஷம் மலைப் பந்தயத்தில் என் தங்கை ஓட்டினாள். ஏழாவது வளைவில் பாதி திரும்பிக்கொண்டிருந்தபோது அந்த உதை விழுந்தது. வண்டியின் பின்பக்கம் சுழன்று தடுப்புச் சுவரில் மோதியது. அவளுக்கு இடது மணிக்கட்டு உடைந்தது. பல் மருத்துவமனைக்குப் பல்செட் செய்து கொடுக்கிறவள் அவள், மயிரிழை பிசகினாலும் வேலை கெட்டுப்போகும். கட்டுப் போட்ட கையோடு இரண்டு மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்தாள். கட்டைப் பிரித்த அன்றைக்கு முதல் வார்த்தையாக, "அந்த வளைவ நான் ஒழுங்கா ஒரு தடவ எடுக்கணும்ணா" என்றாள். முப்பத்திநாலு வயது. எனக்கு இன்னமும் பாப்பாதான். சரி பாப்பா என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு டர்போவையும் கழற்றிவிட்டு ஒன்றே ஒன்று வைப்பது என்பதில் எனக்கும் மாப்பிள்ளைக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எவ்வளவு பெரியது என்பதில்தான் முட்டிக்கொண்டது. இஞ்சின் கட்டுவது அவன் வேலை. அவனுக்கு எதுவுமே பெரிதாக இருந்தால்தான் பிடிக்கும். குழாய்களை வளைத்து வெல்டிங் செய்வது என் வேலை. நான் நடுத்தர அளவைச் சொன்னேன், அது படிப்படியாகக் காற்றை ஏற்றும், உதைக்காது. பாப்பா இரண்டு பேர் சொன்னதையும் கேட்டுவிட்டு என் பக்கம் சாய்ந்தாள். அவனுக்கு மூஞ்சி செத்துப்போயிற்று.

"கூடப்பொறந்தவன் ஏத்திவிட்டா நான் என்ன பேசறது" என்றான்.

நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்காது. "போன வருஷம் உன் பேச்சக் கேட்டுத்தான மணிக்கட்டு போச்சு" என்றேன். அது உண்மையும் இல்லை. போன வருஷம் அவன் எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் சொல்லிவிட்டேன். அவன் கையிலிருந்த துணியை மேஜைமேல் வைத்தான். வீசவில்லை, மெதுவாக வைத்தான். அதோடு சரி.

ஒர்க்‌ஷாப்பில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் போல்ட்டை இறுக்கிவிட்டு, போல்ட்டின் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் வெள்ளைப் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுப்பார். இன்னொருவர் அதே போல்ட்டில் மறுபடியும் ஸ்பானர் வைத்துப் பார்த்து, பக்கத்தில் சிவப்புக் கோடு இழுப்பார். போல்ட் இளகினால் கோடு இரண்டாக உடைந்து காட்டிக்கொடுக்கும். இரண்டு கோடும் இல்லாமல் எந்த வண்டியும் வாசலைத் தாண்டாது. ஒருமுறை ஒரு வாடிக்கையாளரின் சக்கரம் வண்டியை முந்திக்கொண்டு போனபிறகு நானே கொண்டுவந்த வழக்கம் இது. பெருமையாகக் கொண்டுவந்தேன்.

இதற்கென்று எங்களிடம் ஒரே ஒரு ஸ்பானர் இருக்கிறது. வேண்டிய இறுக்கம் வந்ததும் 'கிளிக்' என்று சொல்லும். கிளிக் ஸ்பானர் என்போம். அது இருப்பது மாப்பிள்ளையின் அலமாரியில். பேசிக்கொண்டிருந்த காலத்தில் கையை நீட்டி, "மாப்ளே, ஸ்பானர்" என்றால் போதும்.

ஏழாம் நாள் காலையில் நான் வந்தபோது டர்போ உட்கார்ந்திருந்தது. குழாய்கள் எல்லாம் மாட்டியாயிற்று. எங்கே பார்த்தாலும் வெள்ளைக் கோடு. மொத்தம் நாற்பத்தொரு இடம். இனிமேல் என் முறை. அவன் அலமாரி பூட்டியிருந்தது. சாவி அவன் பாக்கெட்டில், அவன் வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தான். கேட்டிருந்தால் கொடுத்திருப்பான். நான் கேட்கவில்லை. விளக்கை எடுத்துக்கொண்டு குனிந்தேன். ஒவ்வொரு போல்ட்டாகப் பார்த்தேன், விரலால் தட்டினேன், சிவப்புக் கோடு இழுத்தேன். அவன் இறுக்கினால் இறுக்கமாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். முகம் கொடுத்துப் பேச மாட்டேன், ஆனால் வேலையில் அவ்வளவு நம்பிக்கை. நாற்பத்தொன்றும் கால் மணி நேரத்தில் முடிந்தது. இதை எழுதும்போது இப்போதும் எனக்குக் கை கூசுகிறது.

மறுநாள் இஞ்சினை ஓட்டிப் பார்த்தோம். டர்போ பக்கத்திலிருந்து கொஞ்சம் புகை வந்தது. சூட்டைத் தடுக்கக் குழாய்மேல் புதிதாகச் சுற்றிய வெப்பத்துணி முதல் சூட்டில் எப்போதுமே புகையும். "துணிதான்" என்று நான் சுவரிடம் சொன்னேன். "துணிதான்" என்று அவன் மெஷினிடம் சொன்னான். ஒன்பது நாளில் நாங்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அது.

ஒன்பதாம் நாள் பந்தயம். மலைச்சாலையைப் பன்னிரண்டு மணி வரை எங்களுக்காக அடைத்துவைத்திருந்தார்கள். ஒவ்வொரு வண்டியாகத் தனியாக ஏற வேண்டும், ஆளுக்கு ஒரே ஒரு தடவைதான். பாப்பாவின் எண் இருபத்தேழு. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, போனை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, எங்கள் இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்தாள். "நான் இறங்கி வர்றதுக்குள்ள ரெண்டு பேரும் பேசியிருக்கணும்" என்றாள். வண்டியை மேலே வரிசைக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டாள்.

நாங்கள் கீழே, எங்கள் வேனுக்குப் பக்கத்தில் நின்றோம். பிறகு அவன் டூல் பெட்டியைப் பார்த்துத் தொண்டையைக் கனைத்தான்.

"அந்த எண்ணெய் போல்ட்டு விஷயம்தான் எனக்குக் கொஞ்சம் குழப்பமா இருந்துச்சு. நல்லவேளை, காகிதத்தப் பாத்து யாரோ சரியா முடிச்சிட்டாங்க."

சமாதானத்துக்கு வருகிறான் என்று புரிந்தது. உள்ளுக்குள் குளிர்ந்தும் போயிற்று. வேன் டயரைப் பார்த்து ஏதாவது பெருந்தன்மையாகச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அப்போதுதான் உறைத்தது. எந்த போல்ட்? நான் எதையும் முடிக்கவில்லையே.

நேராக அவன் முகத்தைப் பார்த்தேன். "மாப்ளே, எந்த போல்ட்டு?"

அவனும் திரும்பினான். ஒன்பது நாளுக்குப் பிறகு கண்ணுக்குக் கண் பார்க்கிறோம், அவன் முகத்தில் சிரிப்பே வந்துவிட்டது. "டர்போக்கு மேல எண்ணெய்க் குழாய் வருதுல்ல மச்சான், அந்த போல்ட்டு. எண்ணெய் போறதுக்கு அதுல சின்ன ஓட்டை போட்டதா, பெரிய ஓட்டை போட்டதான்னு எனக்குத் தெரியல. டர்போவோட வந்த அளவுக் காகிதம் உன்கிட்டதான் இருந்துச்சு. கேக்கணும்னு சும்மா விரலால திருகி, ஸ்பானர லேசா ஒரு தொடு தொட்டு விட்டுருந்தேன்."

"வெள்ளைக் கோடு?"

"போடல. இறுக்கலையே, எப்படிப் போடறது? மறுநாள் வந்து பாத்தா உன் சிவப்புக் கோடு இருந்துச்சு. சரி, மச்சானே பாத்து இறுக்கிட்டான்னு பக்கத்துல வெள்ளைய இழுத்துட்டேன்." சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நிறுத்தினான். என் முகம் அவனுக்கு ஏதோ சொல்லியிருக்க வேண்டும். "நீதான இறுக்கின?"

"நான் ஸ்பானரே தொடல மாப்ளே."

அவன் சிரிப்பு அப்படியே நின்றது. சொல்ல வேண்டியது எதுவுமே மிச்சமில்லை, இரண்டு பேருக்கும் தெரியும். அந்தக் குழாயில் எண்ணெய் அழுத்தத்தோடு வருகிறது. அதற்கு நேர் கீழே டர்போவின் சூடான பக்கம். மலையேறும்போது அது தணல் மாதிரி சிவந்து கிடக்கும். போல்ட் இளகினால் எண்ணெய் அதன்மேல் பீய்ச்சும். அன்றைக்குப் புகைந்தது துணி இல்லை. பாப்பா நான்கு பட்டை பெல்ட்டில் கட்டப்பட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

ஓடினோம். வரிசை நின்ற இடத்துக்கு முந்நூறு அடி ஏற்றம்தான் இருக்கும். எனக்கு முட்டி வலி, அவனுக்குத் தொப்பை. ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு ஓடினோம். மேலே ஒரு வண்டி உறுமிக்கொண்டு புறப்பட்டது. ஒலிபெருக்கியில் "இருபத்தஞ்சு" என்றார்கள். வண்டிக்கும் வண்டிக்கும் இடையே ஒரு நிமிஷம்தான் விடுகிறார்கள்.

கயிற்றுக்கு முன்னால் ஒரு காவலாள் கையை விரித்துக்கொண்டு நின்றார். "இதுக்கு மேல யாரும் போகக்கூடாது."

"இருபத்தேழ நிறுத்தணும்!"

"ஆபீஸ்ல போய் எழுதிக் குடுங்க."

"எழுதிக் குடுத்துட்டு வர்றதுக்குள்ள என் தங்கச்சி எரிஞ்சிடுவாய்யா!" என்று கத்தினேன். காவலாள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் மாப்பிள்ளை கயிற்றுக்குக் கீழே புகுந்துவிட்டான். அந்த உடம்பை வைத்துக்கொண்டு எப்படிப் புகுந்தான் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

இருபத்தாறு போய்விட்டது. பாப்பாவின் வண்டி புறப்படும் கோட்டில் நின்றது. டர்போ ஊளையிட ஆரம்பித்திருந்தது. நான் செய்த குழாயில் வருகிற அந்தச் சத்தத்தை ஒரு வாரமாக ரசித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அது நின்றால் போதும் என்றிருந்தது. மூன்று சிவப்பு விளக்கும் அணைந்தால் வண்டி புறப்பட வேண்டும். ஒன்று அணைந்தது. இரண்டாவதும் அணைந்தது. மாப்பிள்ளை முன்னால் போய் இரண்டு கையையும் பானெட்டில் ஊன்றிக்கொண்டு நின்றான். பின்னாலேயே நான் போய் அவன் பக்கத்தில் ஊன்றினேன். மூன்றாவது விளக்கும் அணைந்தது.

அவள் வண்டியை விடவில்லை. ஹெல்மெட்டுக்குள்ளிருந்து எங்களைப் பார்த்தாள். பிறகு இஞ்சினை அணைத்தாள்.

வண்டியை ஓரமாகத் தள்ளினோம். பானெட்டைத் திறந்ததும் தீய்ந்த எண்ணெய் நாற்றம். வெப்பத்துணியில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாக ஈரம். மாப்பிள்ளை ஒரு துணியைச் சுற்றி அந்த போல்ட்டை இரண்டு விரலால் பிடித்தான். திருகியது. தண்ணீர் பாட்டிலின் மூடி திருகுவது போல் திருகியது. அதன் தலையில் வெள்ளைக் கோடும் சிவப்புக் கோடும் பக்கத்தில் பக்கத்தில், அழகாக, உடைந்து நின்றன.

பச்சைத் தொப்பி போட்ட பந்தய அதிகாரி அம்மா வந்து எட்டிப்பார்த்தார். நல்ல மனுஷி, திட்டவில்லை. "இன்னும் இருபது வண்டி இருக்கு. அதுக்குள்ள சரி பண்ணிட்டா கடைசில விடறேன். அதுக்கப்புறம் ரோடத் தெறந்துடுவாங்க, என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்.

நான் கையை நீட்டினேன். "மாப்ளே, ஸ்பானர்."

அவன் வேன் சாவியை என் கையில் வைத்தான். ஓடிப்போய் ஸ்பானரையும், எண்ணெய் கசியாமல் அடைக்கிற புதுச் செம்பு வளையங்கள் இரண்டையும், பெயின்ட் பேனாக்களையும் எடுத்துவந்தேன். காகிதத்தில் சின்ன ஓட்டை என்றிருந்ததை வாய்விட்டுச் சொன்னேன். அவன் போட்டிருந்ததும் அதுதான். வளையத்தை மாற்றினான், இறுக்கினான், கிளிக். வெள்ளைக் கோடு. ஸ்பானரை வாங்கி நான் வைத்துப் பார்த்தேன், கிளிக். சிவப்புக் கோடு. கசிந்த எண்ணெயைத் துடைத்து, நனைந்த துணியை அறுத்தெடுத்தோம். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. எங்களைப் போல இரண்டு பேர் உலகத்தில் உண்டா என்று எனக்கு ஒரு கணம் கர்வம்கூட வந்தது. வெட்கம்கெட்ட மனசு.

"ஏறு பாப்பா. சரியாயிடுச்சு" என்றேன்.

அவள் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். "அந்த போல்ட்ல ரெண்டு கோடும் இருந்துச்சேண்ணா" என்றாள்.

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான். சொல்லத்தான் வேண்டும். சொன்னோம், ஆளுக்குப் பாதி. ஸ்பானரைக் கேட்க எனக்கு வீறாப்பு, ஓட்டையைக் கேட்க அவனுக்கு வீறாப்பு. எல்லாவற்றிலும் அவன் வெள்ளை இருக்கும் என்று நம்பி நான் சிவப்பு போட்டேன், என் சிவப்பை நம்பி அவன் வெள்ளை போட்டான். வாய்விட்டுச் சொல்லும்போது அது இன்னும் கேவலமாகக் கேட்டது.

அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"ஒம்போது நாளா நான்தான் உங்க ரெண்டு பேருக்கும் தபால்காரி" என்றாள். "உன் வீட்டுக்காரர்கிட்ட விளக்கு கேளு, உங்கண்ணன்கிட்ட சோத்த எடுத்து வைக்கச் சொல்லு, எல்லாத்தையும் என்கிட்ட சொல்லி அனுப்பினீங்க. இந்த ரெண்டு விஷயத்த மட்டும் ஏன் சொல்லி அனுப்பல? உள்ள உக்காரப் போறது நான்தானே?"

மாப்பிள்ளை, "தப்புதான்மா" என்றான். நான் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

"மத்த நாப்பதுலயும் ஸ்பானர் வெச்சியாண்ணா?"

பொய் சொல்ல ஒரு விநாடி இருந்தது. "இல்ல" என்றேன்.

அவள் கையை நீட்டினாள். ஸ்பானரைக் கொடுத்தேன். ஹெல்மெட்டைத் தரையில் வைத்துவிட்டு, கையுறையோடு பானெட்டுக்குள் குனிந்தாள். "எத்தன இறுக்கம்னு நீங்க சொல்லுங்க" என்றாள் அவனிடம். "நீ எண்ணுண்ணா. சத்தமா எண்ணு."

அவன் அளவைச் சொன்னான். அவள் ஸ்பானரின் பிடியைத் திருகி அந்த அளவுக்கு வைத்து, போல்ட்டை அழுத்தினாள். கிளிக். "ஒண்ணு" என்றேன். அவன் அடுத்த அளவைச் சொன்னான். கிளிக். "ரெண்டு."

அவசரப்படவில்லை. பல்செட்டுக்கு அளவு பார்க்கிறவளின் கை அது. எட்டாத போல்ட்டுக்கு முழங்கையை மடக்கி, சூட்டில் முகத்தைச் சுளித்துக்கொண்டு, ஒவ்வொன்றாக வைத்தாள். கோட்டில் ஒவ்வொரு வண்டியாகப் போய்க்கொண்டிருந்தது. நான் பதினைந்து என்று சொன்னபோது வரிசையில் ஐந்து வண்டிகள் இருந்தன. பத்தொன்பது என்றபோது இரண்டு. எல்லாமே கிளிக் என்றன. ஒவ்வொரு கிளிக்குக்கும் மாப்பிள்ளை என்னைப் பார்த்தான், சரியாகத்தான் இருக்கிறது பார் என்பது போல.

கடைசி வண்டியும் போயிற்று. "இருபத்தேழு" என்று கூப்பிட்டார்கள்.

அவள் நிமிரவில்லை. "இருபத்தொண்ணு" என்றேன்.

"இருபத்தேழு, ரெண்டாவது தடவ." அதிகாரி அம்மா எங்கள் பக்கம் பார்த்துக் கையை ஆட்டினார். மணி பன்னிரண்டுக்கு நான்கு நிமிஷம் இருந்தது. கிளிக். "இருபத்திரெண்டு" என்றேன்.

என்னால் பொறுக்க முடியவில்லை. ஒரு வருஷம் அவள் அந்த ஏழாவது வளைவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். "பாப்பா, கூப்பிடறாங்க. இருபத்திரெண்டு பாத்தாச்சு, எல்லாமே சரியாத்தான இருக்கு? மிச்சமும் அப்படித்தாம்மா இருக்கும். உன் வீட்டுக்காரர் கை எனக்குத் தெரியாதா? போய்ட்டு வந்துடு."

"ஆமா, போ. நான் சொல்றேன்ல" என்றான் அவனும். "துணிதான்" என்றதற்குப் பிறகு இரண்டாவது தடவையாக நாங்கள் இரண்டு பேரும் ஒத்துப்போனோம்.

அவள் அடுத்ததில் ஸ்பானரை வைத்தாள். புகைக்குழாயை டர்போவோடு பிடித்துக்கொண்டிருக்கும் கவ்வியின் நட். அழுத்தினாள். கிளிக் வரவில்லை. நட் நகர்ந்தது. கால் சுற்று நகர்ந்த பிறகுதான் கிளிக் வந்தது. வெள்ளைக் கோடும் சிவப்புக் கோடும் எங்கள் கண்ணெதிரில் உடைந்து தள்ளிப்போயின.

"சூட்டுக்குக் கவ்வி தளர்ந்திருக்கும்" என்று மாப்பிள்ளை முணுமுணுத்தான். உண்மையாகவும் இருக்கலாம். அதற்குத்தான் முதல் சூட்டுக்குப் பிறகு ஒருமுறை ஸ்பானர் வைத்துப் பார்ப்பது. அது சிவப்புக் கோடு போடுகிறவனின் வேலை.

மூன்றாவது தடவையும் கூப்பிட்டார்கள். பிறகு ஒலிபெருக்கியை அணைத்துவிட்டார்கள். சாலையில் தடுப்புகளை எடுத்து லாரியில் அடுக்குகிற சத்தம் கேட்டது.

"எண்ணுண்ணா" என்றாள்.

நான் உடைந்த கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளைதான், "இருபத்திமூணு மச்சான்" என்று எடுத்துக்கொடுத்தான். "இருபத்திமூணு" என்றேன். அவள் ஸ்பானரை இருபத்துநான்காவதில் வைத்தாள்.